எதிர்வீட்டுக்காரர் கூற்று

என் வீட்டில் யாரும் குடியில்லை என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு எனக்குத் தெரியவந்தது. பதினோரு வருடமாக அந்த வீட்டில் குடியிருப்பவளே நான்தான் என்பதால், செய்தியை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் வேலை பார்ப்பது மண்டலத் திட்ட அலுவலகத்தின் வரைபடப் பிரிவில். முப்பத்தொரு வருட சர்வீஸ். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு தாளையும் கடைசியாகப் பார்த்து, ஓரத்தில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவள் நான். ஆபீசில் எனக்குக் கோட்டக்கா என்று பெயர். போட்ட கோட்டைத் தாண்ட மாட்டேனாம். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கோட்டக்கா. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பகுதிக்கு மூன்று வகை வரைபடம் அச்சாகும். முதலாவது அடிப்படை வரைபடம். தெரு, வாய்க்கால், மனை எல்லை எல்லாம் வெறும் கறுப்புக் கோடு. இரண்டாவது பயன்பாட்டு வரைபடம். இன்றைக்கு எந்த மனையில் என்ன நடக்கிறது என்று வண்ணத்தில் காட்டும். குடியிருப்பு மஞ்சள், வியாபாரம் நீலம், தொழிற்சாலை ஊதா, பயிர் பச்சை. ஆளில்லாத வீட்டுக்கு வண்ணம் கிடையாது, வெள்ளையில் சாய்ந்த கோடுகள் மட்டும். மூன்றாவது உத்தேச வரைபடம். இருபது வருடம் கழித்து அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படுகிறார்களோ அது. முதலாவதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். இரண்டாவதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். மூன்றாவதைப் பார்த்துவிட்டு நேரே வக்கீலிடம் போவார்கள்.

அச்சான தாள்களைக் கீழே கூடத்தில் முப்பது நாள் தொங்கவிடுவோம். ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் படிவம் கொடுக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் கடவுளே வரிசையில் வந்து நின்றாலும் வாங்க மாட்டோம்.

அந்தத் திங்கட்கிழமை இருபத்தாறாவது நாள். தாள் பதினான்கின் மேல்மூலை பசை விட்டுத் தொங்குகிறது என்று காவலாளி வந்து சொன்னார். பதினான்கு என் தெரு உள்ள தாள். சொந்தத் தெருவின் தாளை யாரும் தொடக்கூடாது, அதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் பிரிவின் வழக்கம். கொண்டுவந்தவளே நான்தான். அதனால் அந்தத் தாளை வேறு ஒருவர் சரிபார்த்தார். அது கூடத்தில் தொங்கிய இருபத்தைந்து நாளும் நான் பின்படி வழியாக ஏறி இறங்கினேன். அன்றைக்கென்று பசை ஒட்டுகிறவர் லீவு. காவலாளிக்கு ஏணி என்றால் தலைசுற்றல். பசையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு நானே ஏறினேன். கண் சும்மா இருக்குமா?

என் தெருவில் பத்தொன்பது வீடு. பதினோராம் மனை என்னுடையது. அதில் வெள்ளையும் சாய்ந்த கோடும் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

பக்கத்தில் தொங்கிய உத்தேச வரைபடத்தில் என் தெருவே சாம்பல் நிறமாக இருந்தது. பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் தெருவுக்குத்தான் சாம்பல் அடிப்போம். சாம்பல் விழுந்தால், இருக்கிறவர்களை வேறு எங்காவது குடிவைத்துவிட்டுத் தெருவை இடித்து, சரக்கு லாரி நிறுத்தவோ கிடங்கு கட்டவோ எடுத்துக்கொள்ளலாம். ஏணியில் நின்றபடியே எண்ணினேன். பத்து வெள்ளை, ஒன்பது மஞ்சள். என் வீடு மஞ்சளானால் வெள்ளை ஒன்பதாகிவிடும், தெரு தப்பிக்கும். இல்லாவிட்டால் நானும் தங்கையும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டின் மேல் லாரி நிற்கும்.

இறங்கி வந்த வேகத்தில் குடையைத் தேடிப் போனேன். குடை என்றால் எங்கள் களப்பணியாளர். மழையோ வெயிலோ கையில் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சர்வீசில் எனக்கு மூன்று வருடம் இளையவர். தெருத்தெருவாகப் போய் வீட்டுக்கு வீடு குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை.

“பதினாலாம் தாள், பதினோராம் மனை. யார் வீடுன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியலையே அக்கா. பூட்டின வீடுதானே அது?”

“அது என் வீடு.”

குடை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “சத்தியமா தெரியாதுக்கா.”

“இருபத்தெட்டு வருஷமா ஒரே கட்டடத்துல வேலை பாக்குறோம். என் வீடு எதுன்னு தெரியாதா உங்களுக்கு?”

“ஒரு தடவை கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார். குத்திக் காட்டவில்லை, மனுஷன் உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

களப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மூன்று தடவை போயிருக்கிறார், மூன்று தடவையும் பூட்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஐந்து அடையாளம் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. வாசலில் செருப்பு உண்டா, கொடியில் துணி உண்டா, ஜன்னல் திறந்திருக்கிறதா, செடிக்கு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா, மின்சார மீட்டர் ஓடுகிறதா. மூன்று இல்லையென்றால் காலி வீடு. என் வீட்டுக்கு ஐந்தும் இல்லை. செருப்பை உள்ளே வைப்பேன், வெளியே வைத்தால் காணாமல் போகும். துணியைக் குளியலறையிலேயே காயப்போடுவேன். தூசி வரும் என்று ஜன்னலைத் திறப்பதில்லை. செடி வைத்தால் யார் பார்த்துக்கொள்வது? காலை ஏழரைக்குப் போய் இரவு ஏழரைக்கு வருகிறவள் வீட்டில் மீட்டர் என்னத்தை ஓடும்? அந்தக் கையேட்டை எழுதியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதைதான்.

புத்தகத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. ‘எதிர்வீட்டுக்காரர் கூற்று: இரவில் ஒரு அம்மா வந்து தூங்கிவிட்டுப் போவார். குடியிருப்பதாகத் தெரியவில்லை.’

எதிர்வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பழிவாங்கிவிட்டான் பாவி என்றுதான் நினைத்தேன். நினைக்கக் காரணமும் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்பில் அவர் வீட்டு முன்னறை நீலமானது. குடியிருப்புத் தெருவில், திறந்த கதவு வழியே பிறருக்காக வேலை நடப்பது தெரிந்தால் அது வியாபாரம், நீலம். போர்டை இறக்கச் சொன்னார்கள், இரண்டாம் முறை நீலம் விழுந்தால் அறைக்குச் சீல் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். அவர் ஆபீசுக்கு வந்தார். அன்று கவுண்டரில் நான். மனைவி படுத்த படுக்கை, வேறு இடத்தில் கடை போட்டால் அவளைப் பார்க்க ஆளில்லை என்றார். பேச்சின் நடுவே என்னைக் கூர்ந்து பார்த்து, “நீங்க எங்க எதிர்வீட்டும்மாதானே?” என்று கேட்டார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். “சொந்தத் தெரு விஷயம் நான் பேசக்கூடாது. எங்க ஆளுங்க கண்ணால பாத்ததைத்தான் எழுதுவாங்க” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்றிலிருந்து அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் தைத்தார். அவர் கதவும் சாத்தியது, என் ஜன்னலும் சாத்தியது. அப்படி மூன்று வருடம் போயிற்று.

ஆட்சேபணைப் படிவத்தில் ஒரு சாட்சி வேண்டும். அதே தெருக்காரராக இருக்க வேண்டும், உறவினராக இருக்கக்கூடாது. தையல்காரரிடம் போய் நிற்பதாவது, நாலு நாளில் வேறு ஆள் கிடைக்காமலா போய்விடும் என்று அன்று சீக்கிரம் கிளம்பி முனைவீட்டுக் கதவைத் தட்டினேன். முப்பது வயதுப் பெண் வந்து திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைச் சுருக்கினாள்.

“பதினோராம் நம்பரா? அது பூட்டின வீடாச்சே அக்கா.”

“பூட்டு என்னோடதுதான்.”

“நாங்க வந்து அஞ்சு வருஷமாகுது. அந்த வீட்டுல ஆளைப் பாத்ததே இல்லையே.” தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வேறு சொன்னாள். எப்படி எடுத்துக்கொள்வது என்று அவள் சொல்லித் தரவில்லை.

அடுத்து மூன்று வீடு. ஒருவர் என்னை ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து வேண்டாம் என்றார். ஒருவர் என் முகத்தையே தெரியாது என்றார். ஒரு வீட்டில் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அந்த வீட்டைக் குடை எப்படிக் குறித்திருப்பார் என்று வாசலைப் பார்த்தேன். நாலு ஜோடி செருப்பு கிடந்தது, மஞ்சள்தான். தெருவின் நடுவில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் அது அழுகைதான்.

வேறு வழியில்லாமல் தையல்காரர் கதவைத் தட்டினேன். மெஷின் சத்தம் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து பாதிக் கதவைத் திறந்தார்.

“என் வீட்டுல யாரும் குடியில்லைன்னு சொன்னீங்களாமே” என்றேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுவது என் வழக்கம்.

“அப்படிச் சொல்லலை. ராத்திரி ஒரு அம்மா வந்து தூங்கிட்டுப் போவாங்கன்னு சொன்னேன்.”

“பழசை மனசுல வச்சுக்கிட்டுச் சொன்னீங்க.”

“மேடம், கதவைச் சாத்திட்டாலும் அந்த இடுக்கு வழியா உங்க வீடுதான் எனக்குத் தெரியும். வேற எதுவும் தெரியாது. மூணு வருஷமா பாக்குறேன். சாவி போடற சத்தம் கேக்கும், ஒரு விளக்கு எரியும், அணையும். காலையில மறுபடி பூட்டு. இதுக்குக் குடியிருக்கறதுன்னா பேரு? வேற என்ன நடக்குதுன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக் குடுக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை தங்கை பேசுவாள், பத்து நிமிடம். அதை எப்படிச் சொல்வது? உள்ளே அவர் மனைவி இருமும் சத்தம் கேட்டது.

“சாட்சிக் கையெழுத்து வேணும்” என்றேன். “இல்லேன்னா இந்தத் தெருவே போயிடும். உங்க வீடும் சேர்த்து.” கணக்கை விளக்கினேன்.

கேட்டு முடித்துவிட்டு, “கண்ணால பாத்ததைத்தானே எழுதணும்?” என்றார். என் வார்த்தையை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். “வீட்டுல இருங்க. பாக்குறேன். பாத்தா எழுதறேன்.”

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் லீவு போட்டேன். ஆபீசே அதிர்ந்திருக்கும். செவ்வாய் காலை செருப்பை வாசலில் கழற்றி வைத்தேன். ஜன்னல் கொக்கி துருப்பிடித்திருந்ததால் சுத்தியால் தட்டித் திறந்தேன். வாசலில் கொடி கட்டினேன். தொங்கவிட என்னிடம் அன்றைக்குத் துவைத்தது இரண்டே துணி. பார்க்கக் கண்றாவியாக இருந்தது. தங்கை விட்டுப்போன பெட்டியைத் திறந்து அவளுடைய சேலைகள் நாலையும் நனைத்துப் பிழிந்து போட்டேன். ஏழு வருடம் முன்பு, நாற்பத்திரண்டு வயதில், கல்யாணம் செய்துகொண்டு தூரதேசம் போனவள். போகிற அன்று நான் சந்தோஷமாகத்தான் வழியனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன், பிறகு திறக்கவில்லை.

நாற்காலியை ஜன்னலருகே போட்டு உட்கார்ந்தபோது எதிர்க்கதவு முழுக்கத் திறந்தது. பார்க்க வேண்டும் என்றால் திறந்துதானே ஆக வேண்டும். மெஷினை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தார். காக்கி நிறக் கால்சட்டைகள், ஒரு குவியல். ஏதோ காவல் கம்பெனி ஆர்டர் போலிருக்கிறது. அவர் தைத்தார், நான் குடியிருந்தேன்.

குடியிருப்பது லேசான வேலை இல்லை. பத்து மணிக்குள் கூட்டித் துடைத்துச் சமைத்து முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினொன்றுக்கு வெயில் என் கூடத்துச் சுவரில் ஏறுகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். என் வீட்டுச் சுவர், அதில் இத்தனை வருடமாக வெயில் வந்து போயிருக்கிறது, எனக்குத் தெரியாது. மத்தியானம் தெருவில் ஒரு சத்தமும் இல்லை, மெஷின் மட்டும் ஓடியது. பிறகு அவர் எழுந்து உள்ளே போனார், மனைவிக்குச் சாப்பாடு ஊட்டுகிறார் என்று தட்டுச் சத்தத்தில் தெரிந்தது. நான் தனியாகச் சாப்பிட்டேன். தினமும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் ஆபீசில் சுற்றிலும் ஆட்கள் சாப்பிடும் சத்தம் இருக்கும். அதையே துணை என்று இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தங்கைக்கு நானே போன் செய்தேன். அவள் பதறிவிட்டாள்.

“என்னக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. லீவு போட்டிருக்கேன்.”

“நீயா? அங்க ஆபீஸ் இடிஞ்சு விழுந்துடுச்சா?”

அவள் சேலையைக் கொடியில் போட்டிருப்பதைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, “ஜன்னலைத் திறந்தியா?” என்று கேட்டாள். திறந்தேன் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

புதன்கிழமை முனைவீட்டுப் பெண் போகிற போக்கில் நின்று, “ஆமா, ஆள் இருக்கீங்க” என்றாள். என்னமோ புதையல் எடுத்த மாதிரி. தையல்காரர் பேசியது ஒரே ஒருமுறைதான். நூல் கோக்கத் தலையை நிமிர்த்தியவர், என் கொடியைக் காட்டி, “காத்து வருது, கிளிப் போடுங்க” என்றார். வீட்டில் கிளிப் இல்லை. ஆபீசிலிருந்து என்றோ பையில் வந்த காகித கிளிப்புகளைப் போட்டேன். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

வியாழன் மத்தியானம் படிவத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். உட்காரச் சொன்னார். முன்னறையிலிருந்து பார்த்தால் உள்ளறைக் கட்டில் தெரிந்தது. அந்த அம்மா படுத்தபடியே என்னைப் பார்த்து, “எதிர்வீடா?” என்றார். ஆமாம் என்றேன்.

‘இவர் அங்கே குடியிருப்பது உமக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு, ‘கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதினார். ‘எவ்வளவு காலமாக?’ என்ற இடத்தில், ‘மூன்று நாள்’.

“பதினோரு வருஷம்னு போடுங்களேன்” என்றேன்.

“பாத்தது மூணு நாள்தான் மேடம்.”

இவ்வளவு காலம் குடியிருந்திருக்க வேண்டும் என்று கையேட்டில் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அன்றே ஆபீசுக்குப் போய்க் கவுண்டரில், மற்றவர்களைப்போல வரிசையில் நின்று, படிவத்தைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை முப்பதாவது நாள். மறு ஆய்வு திங்கட்கிழமைக்கு முன்னால் வராது என்று எண்ணி இன்னும் ஒரு நாள் லீவைச் சேர்த்துக்கொண்டேன். கொடுத்த மறுநாளே ஆய்வுக்குப் போன சரித்திரம் எங்கள் ஆபீசில் கிடையாது. பதினொரு மணிக்குத் தெருமுனையில் ஒரு கறுப்புக் குடை திரும்பியது. கோட்டக்கா கேஸ் என்று மனுஷன் ஓடி வந்திருக்கிறார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடியே கையேட்டில் ஒரு விதி ஞாபகம் வந்தது.

மறு ஆய்வுக்கு வருகிறவர் ஆட்சேபணை வந்த வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. எதிர்வீட்டையும் பார்த்துக் குறிக்க வேண்டும். பக்கம் பதினேழு, கடைசி விதி. எழுதியவள் நான். ஊரார் வீட்டுக்கெல்லாம் அதை ஞாபகம் வைத்திருந்தேன், இந்த நாலு நாளும் அது என் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே கதவு விரியத் திறந்திருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தைத்து முடித்த காக்கிக் கால்சட்டைகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. எனக்காகத் திறந்த கதவு. கூப்பிட்டு எச்சரிக்க நேரமில்லை, குடை வாசலுக்கு வந்துவிட்டார்.

என் வீட்டை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தார். செருப்பு, துணி, ஜன்னல். “மஞ்சள் போட்டாச்சுக்கா. தெரு தப்பிச்சது” என்றார். நான் வாய் திறக்குமுன் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார்.

தையல்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார். குடையை அடையாளம் தெரிந்துவிட்டது. முன்பு முன்னறையை நீலமாகக் குறித்ததும் இதே குடைதான். மெஷினை மிதிப்பதை நிறுத்தினார், ஆனால் எதையும் மறைக்கவில்லை, எழுந்து கதவைச் சாத்தவும் இல்லை. என்னை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை மூன்று வருடத்துக்கு முன்னால், அடுத்த ஆளைக் கூப்பிட்டபோது, நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

குடை தெருவைக் கடந்து போய் வாசலில் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

“இங்க தையல் தொழில் நடக்குதா?” என்று அவரைக் கேட்டார்.

தையல்காரர் பதில் சொல்லவில்லை. உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

“சொந்தக்காரர் சொல்லலேன்னா எதிர்வீட்டுக்காரரைக் கேக்கணும்” என்று குடை கையேட்டு வரியை ஒப்பித்தபடியே திரும்பினார், திரும்பிய இடத்தில் நான் நின்றேன். “அடடே, எதிர்வீடு நீங்கதானே அக்கா.”

சொந்தத் தெரு விஷயம் பேசக்கூடாது என்று நாக்கு நுனிவரை வந்தது. முப்பத்தொரு வருடம் சொல்லிப் பழகிய நாக்கு.

“தொழில் எதுவும் இல்ல” என்றேன். “வீட்டுத் துணியைத் தைக்கிறார்.”

குடை அடுக்கைப் பார்த்தார். விரலால் எண்ணினார். “பதினாறு கால்சட்டை இருக்குக்கா. எல்லாம் ஒரே கலர்.”

“அவருக்கு அந்தக் கலர்தான் பிடிக்கும்.”

“ஒவ்வொண்ணும் ஒரு சைஸா இருக்கே.”

“மனுஷன் ஒரே மாதிரியேவா இருப்பான்? இளைப்பான், பெருப்பான்.”

குடை என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. மற்றவர்கள் சொன்னால் கண்டுபிடிக்கத் தெரியும், எப்படிச் சொல்வது என்று தெரியாது.

“கோட்டக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் குடை. முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொன்னார். புத்தகத்தைத் திறந்து, மனை மஞ்சள் என்று எழுதி, அடியில் ஒரு வரி எழுதினார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

‘எதிர்வீட்டுக்காரர் கூற்று: தொழில் இல்லை. வீட்டு உபயோகம்.’

“இங்க கையெழுத்துப் போடணும்கா.”

எத்தனையோ ஆயிரம் தாளில் போட்ட கையெழுத்து. எல்லாம் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில். இந்தக் கட்டத்தில் ‘எதிர்வீட்டுக்காரர்’ என்று இருந்தது. போட்டேன். பேனா கொஞ்சம் இழுத்தது.

“இவரை எவ்வளவு காலமாத் தெரியும்னு போடணும்” என்று குடை தானே எழுதப் போனார். “பதினோரு வருஷம், இல்லையா?”

தையல்காரர் மெஷின் மேல் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு நாள்” என்றேன்.

“எதிரெதிர்லயே இருக்கீங்களேக்கா.”

“மூணு நாள்தான். அதையாவது உள்ளபடி எழுதிக்கோங்க.”